இறால் தலையைப் புளிக்க வைத்து இறாலுக்கே தீவனமாகப் போடலாமா?

கிள்ளை_குளத்துக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கிள்ளைப் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறேன். இரண்டு குளம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஏக்கர். மச்சான் கடலூர் முதுநகரில் இறால் உரிக்கும் கொட்டகை நடத்துகிறார். தலையும் ஓடும் கூடை கூடையாக மிஞ்சுகிறது. கோழித் தீவனத்துக்கு எடுக்கிற வண்டி வந்தால் ஏதோ கொஞ்சம் காசு. வராத நாளில் மதியத்துக்குள் நாற்றம், தெருவில் சண்டை.

ஒரு வீடியோவில் பார்த்தேன். தலையை அரைத்து, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) கலந்து, லாக்டோபாசில்லஸ் என்ற புளிக்க வைக்கும் பாக்டீரியாவை விட்டு மூடி வைத்தால் புளித்துக் கூழாகிவிடுமாம். அதைத் தீவனத்தில் பிசறிப் போட்டால் செலவு குறையும் என்கிறார்கள். எனக்குச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். செய்து பார்த்தவர்கள் அளவு சொல்லுங்கள். குளத்துக்கு ஊற்றும் புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) பாக்கெட்டையே இதற்கும் போடலாமா என்பதையும் சொன்னால் நல்லது.

வெள்ளாறு_வடகரை

அளவெல்லாம் அப்புறம். முதலில் இது: இறால் தலையை இறாலுக்குப் போடாதீர்கள். அரைத்தும் வேண்டாம், புளிக்க வைத்தும் வேண்டாம்.

மச்சான் கொட்டகைக்கு வரும் சரக்கு யார் குளத்து அறுவடை? குளத்தில் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் தெரிந்தால், விற்கிற அளவுக்கு வளர்ந்த இறாலை அன்று இரவே வலை போட்டுப் பிடித்து அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம்தானே. அந்தத் தலை உரிக்கிற கொட்டகைக்குப் போகும். அதை நீங்கள் விலை கொடுக்காமல் வாங்கி உங்கள் குளத்துக்குள் கொண்டுவருகிறீர்கள். 1990-களின் நடுவில் டைகர் இறால் வெள்ளைப்புள்ளியில் போனதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

தேங்காய்த்திட்டு_அக்கா

அண்ணன் சொல்வது சரி. ஆனால் தம்பி பயந்துபோய் புளிக்க வைப்பதையே விட்டுவிடக் கூடாது. நாங்கள் புதுச்சேரியில் மகளிர் குழுவாக இதைத்தான் செய்கிறோம். மீன் குடல், செதில், இறால் தலை எல்லாம் டிரம்மில் புளிக்க வைத்து, திரவத்தைத் தோட்டத்துக்கும் நெல்லுக்கும் கொடுக்கிறோம். நாற்றம் போய்விடும், ஈ வராது. குளத்துக்கு மட்டும் கொடுத்ததில்லை.

கிள்ளை_குளத்துக்காரன்

நன்றி அண்ணே, அக்கா. ஒரு சந்தேகம். புளித்தால் அமிலமாகிவிடுகிறதே, அதில் வைரஸ் சாகாதா? ஊறுகாயில் கிருமி வளராது என்பதுபோலத்தானே?

தட்டு_எண்ணுபவள்

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் பாக்டீரியாத் தட்டுதான் என் முன்னால்.

கிருமி வளராமல் இருப்பது ஒன்று, ஏற்கெனவே உள்ளே இருப்பது சாவது வேறொன்று. நல்ல லாக்டிக் புளிப்பு பி.எச். 4 - 4.5 வரை இறங்கும் (பி.எச். குறையக் குறைய அமிலம் அதிகம்). அழுக வைக்கும் பாக்டீரியாக்களை அடக்க அது போதும். வெள்ளைப்புள்ளி வைரஸ் முழுக்கச் செயலிழந்துவிட்டது என்று அந்த அளவை வைத்துக் கையெழுத்துப் போட நான் தயாரில்லை. நோய் கண்ட திசுவைத் தின்றால் இறாலுக்கு இந்த வைரஸ் தொற்றும். குளத்தில் செத்த இறாலை மற்ற இறால் தின்றுதான் நோய் அவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

இன்னும் பெரிய தொல்லை ஈ.எச்.பி. இது வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, கெட்டியான சுவர் கொண்ட வித்தாக இருக்கும் ஒட்டுண்ணி. குடியிருப்பது கல்லீரல் கணையத்தில். அந்த உறுப்பு எங்கே இருக்கிறது? தலையில். நீங்கள் புளிக்க வைக்கப்போவது சரியாக அந்தப் பகுதியை. ஈ.எச்.பி. வந்த இறால் சாவதைவிட வளராமல் நின்றுபோவதுதான் அதிகம். தீவனம் போய்க்கொண்டே இருக்கும், கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கை) மட்டும் இறங்காது. குளத்து மண்ணில் ஒருமுறை தங்கிவிட்டால், வற்ற வைத்து ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது, மண்ணின் பி.எச். 12 வரை ஏற்ற வேண்டும் என்பதுதான் வழக்கமான பரிந்துரை. தீவனத்தில் மிச்சம் பிடித்த காசு அந்தச் சுண்ணாம்புக்கே காணாது.

கொதிக்க வைத்தால் இரண்டுமே போகும். ஆனால் விறகு, ஆள்கூலி எல்லாம் போட்டுக் கணக்குப் பாருங்கள். அதோடு, வேக வைத்த அதே கரண்டியைப் பச்சைத் தலை இருந்த வாளியில் விடமாட்டார்கள் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

முடசலோடை

இறாலை விடுங்கள், கழிசல் மீனைப் பற்றிச் சொல்லுங்கள். இழுவைமடியில் வரும் பொடி மீன், காரப்பொடி, உடைந்த மத்தி, கவளை எல்லாம் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், அப்போது ஒன்றும் கிடைக்காது. கிடைக்கிற காலத்தில் புளிக்க வைத்துச் சேர்த்து வைக்க முடியுமா? கொடுவா வளர்க்கிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்களே.

தட்டு_எண்ணுபவள்

முடியும். சைலேஜ் என்று அதற்குத்தான் பெயர். ஃபார்மிக் அமிலம் 3 விழுக்காடு போலக் கலந்து பி.எச். 4-க்குக் கீழே இறக்குவது ஒரு வழி. மொலாசஸும் லாக்டிக் பாக்டீரியாவும் விடுவது இன்னொரு வழி. இரண்டிலும் மீனைக் கரைப்பது மீனின் குடலில் இருக்கும் சொந்த நொதிதான். அமிலமோ பாக்டீரியாவோ செய்வது, அந்த வேலை நடக்கும் வரை அழுகாமல் காவல் நிற்பது.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்றவற்றில் ஒரு எச்சரிக்கை. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றிவிடும். அதன் பிறகு புளிக்க வைத்தாலும் வேக வைத்தாலும் ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். நாறிப்போன மீனைக் காப்பாற்ற நுண்ணுயிரைக் கூப்பிடாதீர்கள். அது புது மீனுக்கான வேலை.

தேங்காய்த்திட்டு_அக்கா

இதைத்தான் நான் எங்கள் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். காலையில் உரித்த தலை வெயில் ஏறுவதற்குள் டிரம்முக்குள் போக வேண்டும். மாலையில் கொண்டுவந்து கொட்டினால் எத்தனை கிலோ வெல்லம் போட்டாலும் அது புளிக்காது, அழுகும்.

தம்பி அளவு கேட்டாரே, எங்கள் முறை இது. தலையை இடித்தோ அரைத்தோ போடுவோம். நூறு கிலோவுக்கு மொலாசஸ் 20 கிலோ போல. கல்ச்சர் (வளர்த்த பாக்டீரியா) கலந்த தண்ணீர் 5 லிட்டர். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் கிளறிவிடுவோம், பி.எச். தாள் வைத்துப் பார்ப்போம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் படலம் மேலே நிற்கும், வாசனை புளித்த கள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும். ஓட்டை எடுத்து விரலால் மடக்குங்கள். முதல் நாள் படக்கென்று உடைந்த ஓடு இப்போது உடையாமல் வளையும். வளைந்தால் ஓட்டில் இருந்த சுண்ணாம்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளாறு_வடகரை

நூறு கிலோவுக்கு 20 கிலோ மொலாசஸா? நான் கேள்விப்பட்டது 10.

தட்டு_எண்ணுபவள்

அக்கா கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தது கணக்கிலும் சரியாக வருகிறது.

இறால் தலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் புரதம், கைட்டின் (ஓட்டின் நார்ப்பொருள்), கால்சியம் கார்பனேட் என்ற சுண்ணாம்பு. நூறு கிலோ ஈரத் தலையில் இந்தச் சுண்ணாம்பு 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 1.8 கிலோ லாக்டிக் அமிலம் வேண்டும். நல்ல பாக்டீரியா 1 கிலோ சர்க்கரையிலிருந்து கிட்டத்தட்ட 1 கிலோ அமிலம் தரும். ஆக 5 கிலோ சுண்ணாம்புக்கு 9 கிலோ சர்க்கரை. மொலாசஸில் பாதிதான் சர்க்கரை, அதனால் 18 கிலோ. அண்ணன் சொன்ன 10 கிலோ மொலாசஸ் மீனுக்குப் போதும், ஓடு உள்ள சரக்குக்குக் காணாது. சர்க்கரை நடுவில் தீர்ந்துபோனால் சுண்ணாம்பு மிச்ச அமிலத்தையும் தின்றுவிடும். பி.எச். திரும்ப ஏறும், அழுகல் பாக்டீரியா உள்ளே நுழையும், அம்மோனியா வாடை வரும். "கல்ச்சர் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலருக்குக் குறை சர்க்கரையில்தான்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். 1 கிலோ சுண்ணாம்புக்குச் சுமார் 250 லிட்டர் வாயு. 5 கிலோவுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கித் திருகி வைத்தால் டிரம் உப்பி வெடிக்கும். மூடியில் குழாய் போட்டு மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விடுங்கள், வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. கொட்டகை காற்றோட்டமாக இருக்கட்டும். புளிக்காமல் அழுகிய தொட்டியைச் சுத்தம் செய்ய யாரும் உள்ளே இறங்கவே கூடாது. அதில் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூச்சு விடக் கூட நேரம் தராது.

கிள்ளை_குளத்துக்காரன்

இது கண்ணைத் திறக்கிற கணக்கு மேடம். அப்படியானால் பாக்கெட் புரோபயாடிக் இதற்கு ஆகாதா? தயிர் ஊற்றினால் என்ன?

தட்டு_எண்ணுபவள்

குளத்துப் பாக்கெட்டில் பெரும்பாலும் பாசில்லஸ் வகைதான் இருக்கும். புரதத்தை உடைப்பதில் அவை கெட்டி, ஆனால் அமிலம் உண்டாக்கும் வேலைக்கு லாக்டிக் வகை வேண்டும். லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள், அது பல வகைச் சர்க்கரையையும் தின்னும். தயிர்ப் பாக்டீரியா பாலின் சர்க்கரைக்குப் பழகியது. மொலாசஸில் விட்டால் ஒரு டிரம் புளிக்கும், அடுத்த டிரம் ஏமாற்றும். நன்றாகப் புளித்த டிரம்மிலிருந்து ஒரு வாளி எடுத்து அடுத்ததில் ஊற்றுவது அதைவிட மேல்.

வெள்ளாறு_வடகரை

பாக்கெட் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். இத்தனை வருடம் ஏக்கருக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறோம். உண்மையில் அதனால் ஏதாவது ஆகிறதா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை வாங்கியதில் வெறும் மாவும் உப்பும்தான் இருந்தது.

தட்டு_எண்ணுபவள்

கணக்கு போடுங்கள் அண்ணே. பாக்கெட்டில் கிராமுக்கு 100 கோடி என்று போட்டிருக்கிறான், அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 1 லட்சம் கோடி. ஒரு ஏக்கர் குளம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் தண்ணீர் சுமார் 400 கோடி மில்லி. வகுத்தால் மில்லிக்கு 250. குளத்துத் தண்ணீரில் ஏற்கெனவே மில்லிக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்த 250 என்ன செய்துவிடும்?

அதே பாக்கெட்டில் 5 கிராம் எடுத்து ஒரு கிலோ தீவனத்தில் பிசறினால், தீவனத்தின் ஒவ்வொரு கிராமிலும் 50 லட்சம். அது நேராக இறாலின் குடலுக்குப் போகிறது. பாக்கெட் ஒன்றுதான், போடுகிற இடம்தான் வேறு. தீவன ஆலையிலேயே கலந்தால் வேகும் சூட்டில் லாக்டோபாசில்லஸ் செத்துவிடும், பாசில்லஸ் வித்து தாங்கும். அதனால் கரையில் வைத்துப் பிசறுங்கள். வெல்லத் தண்ணீரோ முட்டை வெள்ளைக்கருவோ ஒட்டுவதற்கு, நிழலில் அரை மணி உலர்த்தல், அவ்வளவுதான்.

வெள்ளாறு_வடகரை

அப்படியானால் தண்ணீரில் ஊற்றுவது வீண் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தட்டு_எண்ணுபவள்

நேராகக் கொட்டுவது பெரும்பாலும் வீண். வளர்த்து ஊற்றுவது வேறு. தவிட்டை அதன் 5 முதல் 10 மடங்கு தண்ணீரில் கரைத்து, வெல்லம், ஈஸ்ட், பாசில்லஸ் விட்டு ஒரு நாள் காற்றடித்து, வடிகட்டிய பாலை மட்டும் குளத்துக்கு விடுகிறார்களே, அதில் வேலை நடக்கும். விலங்கு மிதவைகள் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகள்) வளரும், இறால் அவற்றைத் தின்னும். கிள்ளைத் தம்பி தேடும் தீவனச் சிக்கனம் இங்கேதான் இருக்கிறது, நோய்ப் பயமும் இல்லை. வளர்க்கும் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும். குளத்துத் தண்ணீரையே மொண்டு வெல்லம் போட்டால் அதில் முதலில் கொழுப்பது இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாதான். விப்ரியோவைப் பார்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிடும். பல பேர் பச்சைக் காலனிக்கு மட்டும் பயப்படுகிறார்கள், மஞ்சளிலும் வில்லங்கம் உண்டு.

முடசலோடை

காலையில் கிருமி கொல்லும் அயோடின், மாலையில் புரோபயாடிக் விடும் மகராசர்களையும் பார்த்திருக்கிறேன் 😄

வெள்ளாறு_வடகரை

வளர்த்து ஊற்றுவதை நானும் செய்கிறேன், அது ஒத்துவருகிறது. அதனால் பாக்கெட்டைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை, ஊற்றுகிற இடத்தைப் பற்றித்தான் மாறியிருக்கிறது.

தம்பிக்கு ஒரு குறிப்பு. மொலாசஸோ தவிட்டுப் பாலோ எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகையில் மூட்டமான நாளில் பொழுது சாயும் நேரம் ஊற்றாதீர்கள். சர்க்கரை கிடைத்ததும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை இழுக்கும். வெயில் இல்லாமல் பாசியும் ஆக்சிஜன் தந்திருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு இறால் கரையோரம் ஒதுங்கும். ஏரேட்டர் முழுதாக ஓடினாலும் தாங்காது. வெள்ளாற்றில் வெள்ளம் வந்து உப்பும் காரத்தன்மையும் இறங்கியிருக்கும் நாளில் இன்னும் மோசம். காலை வெயிலில் ஊற்றுங்கள்.

பண்ருட்டி_முந்திரி

இறால்காரர்கள் நடுவில் முந்திரிக்காரன் வருவதற்கு மன்னிக்கவும். அக்கா செய்யும் திரவம் முந்திரிக்கு ஆகுமா? மீன் அமிலம் பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி தெளிக்கிறோம், துளிர் நன்றாக வருகிறது. இறால் தலையில் உப்பு இருக்குமே என்று யோசனை.

தேங்காய்த்திட்டு_அக்கா

கடல் தண்ணீரில் அலசிய தலை என்றால் உப்பு இருக்கும். நாங்கள் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத்தான் போடுகிறோம். தெளிப்பதற்கு உங்கள் அளவு சரி. வேரில் ஊற்றுவதானால் இன்னும் நீர்க்கக் கரைத்து, மழை வரும் மாதங்களில் ஊற்றுங்கள். கோடையில் வேண்டாம்.

கிள்ளை_குளத்துக்காரன்

சரி, தலையைக் குளத்துக்குப் போடும் யோசனையைக் கைவிட்டேன். ஆனால் வளைந்த ஓட்டை என்ன செய்வது? அதுதான் கைட்டோசான், நல்ல விலைக்குப் போகும் என்று மச்சான் குதிக்கிறார்.

தட்டு_எண்ணுபவள்

மச்சானைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். புளித்து மிஞ்சும் ஓடு பச்சைக் கைட்டின், அவ்வளவுதான். அதிலேயே இன்னும் கொஞ்சம் புரதமும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும். சுத்தம் செய்த கைட்டினை 40 - 50 விழுக்காடு காஸ்டிக் சோடாவில் சூடு வைத்தால்தான் கைட்டோசான். அந்தக் காரத் தண்ணீரை எங்கே விடுவது? கடலூர்க்காரர்களுக்கு ரசாயனக் கழிவுநீர் பற்றி நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆலைகள் வழக்கமாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பையும் காஸ்டிக் சோடாவால் புரதத்தையும் நீக்குகின்றன. புரதம் சாக்கடைக்குப் போய்விடும். பாக்டீரியா வழியில் அமிலத்தின் தேவை பெருமளவு குறைகிறது, புரதமும் ஆரஞ்சு நிறமியும் திரவத்தில் உங்களிடமே தங்கிவிடுகின்றன. சின்னக் கொட்டகைக்கு லாபம் அந்தத் திரவத்தில்தான். ஓட்டைக் காய வைத்து மூட்டையில் கட்டி, வாங்கும் ஆலை இருந்தால் விற்கலாம். இல்லையென்றால் எருக்குழிக்கு. கைட்டினைத் தின்னும் மண் பாக்டீரியாக்கள் பெருகுவதும் பயிருக்கு நல்லதுதான்.

தொழிலாகச் செய்வதானால் சென்னையில் இருக்கும் சிபாவை (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) கேளுங்கள். மீன் கழிவிலிருந்து குளத்து மிதவைகளை வளர்க்க 'பிளாங்டன் பிளஸ்' என்று ஒன்றை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். தலை வேண்டாம், மீன் கழிவு வழியாகக் குளத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆசையிருந்தால் அந்தத் திசையில் போங்கள்.

முடசலோடை

தீவனத்தில் மீன் தூளுக்குப் பதில் பாக்டீரியாவையே போடப்போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டே?

தட்டு_எண்ணுபவள்

புதுப் பேச்சு இல்லை. மீத்தேன் வாயுவைத் தின்று வளரும் மெத்திலோகாக்கஸ் கேப்சுலேட்டஸைக் காய வைத்தால் அதில் 70 விழுக்காடு போலப் புரதம். பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனம் மெத்தனாலில் பாக்டீரியா வளர்த்து 'புரூட்டீன்' என்ற பெயரில் கால்நடைத் தீவனமாக விற்றுப் பார்த்தது. சோயா மலிவாகக் கிடைத்ததால் ஓடவில்லை. இப்போது மீன் தூள் விலை ஏறியதில் மறுபடி உயிர் வந்திருக்கிறது. நம் குளத்துக்கு மூட்டையில் வந்து சேரும்போது விலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

நெறியாளர்

தலைப்பு இறால் தலை. சோயா விலையைத் தனி இழையில் பேசுங்கள்.

கிள்ளை_குளத்துக்காரன்

மச்சானிடம் பேசிவிட்டேன். இரண்டு நீல டிரம், பி.எச். தாள், மொலாசஸ் ஏற்பாடு செய்கிறோம். கொட்டகையிலேயே புளிக்க வைத்து, திரவம் முந்திரிக்கும் காய்கறிக்கும். என் குளத்துக்குத் தவிட்டுப் பால். பண்ருட்டி அண்ணே, முதல் கேன் உங்களுக்கு. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். கொட்டகையில் நண்டு ஓடும் வருகிறது, அதையும் சேர்த்து அரைக்கலாமா?

தட்டு_எண்ணுபவள்

வேண்டாம். நண்டு ஓட்டில் சுண்ணாம்பு இறாலைவிட மிக அதிகம். மேலே போட்ட கணக்கையே போட்டால் மொலாசஸ் செலவு கையைக் கடிக்கும், டிரம்மும் பாதியில் அழுகும். நண்டு ஓட்டைத் தனியாகக் காய வைத்துப் பொடித்து, அமிலத்தன்மை உள்ள செம்மண் இருந்தால் அதற்குப் போடுங்கள்.

வெள்ளாறு_வடகரை

டிரம் கொட்டகையில் இருப்பது சரி தம்பி. தலை அள்ளிய கூடையையும் அதை ஏற்றிய வண்டியையும் குளக்கரைக்குக் கொண்டுவராதீர்கள். மச்சான் குளத்தைப் பார்க்க வந்தால் வாசலிலேயே குளோரின் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே விடுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. காக்கை வலையும் கிழியாமல் இருக்கிறதா பாருங்கள், கொட்டகைத் தலையைத் தூக்கிக்கொண்டு உங்கள் குளத்தில் போட அதற்கு வண்டி தேவையில்லை.